பத்தே நாள்

"பத்து நாள் தொடர்ந்து வகுப்புக்கு வரலைன்னா, விசாவுக்குப் பொறுப்பேத்துக்கிட்ட கல்லூரிதான் குடிவரவுத் துறைக்குச் சொல்லணும். தெரியுமில்ல?" என்றார் முதல்வர்.

ஆயத்த வகுப்பில் படிக்கும் வெளிநாட்டு மாணவி தலையாட்டினாள்.

"நல்லவேளை, தணிக்கைக்கு முன்னாடியே இவர் கண்டுபிடிச்சிட்டாரு" என்று என்னைக் காட்டினார். வருகைப் பதிவு என் பொறுப்பு. நான் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உடம்பு சரியில்லையா? நியாயமான காரணம் ஒண்ணு சொல்லும்மா, விட்டுடறேன்."

"தூங்கிட்டேன் சார்."

"பத்து நாளுமா?"

"ஆமா சார்."

"சரியான கல்லுளிமங்கி! அப்ப ஊருக்குக் கிளம்பு." முதல்வர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே அவள் எனக்காகக் காத்திருந்தாள். ஒரு சாவியை நீட்டினாள். என் வீட்டுச் சாவி.

"அப்பாவுக்கு மதிய மாத்திரை ஒன்றரை மணிக்கு சார். வேணாம்பாரு, விட்டுடாதீங்க."

படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் அந்தச் சாவியை அவளிடம் கொடுத்த அன்று, "பத்தே நாள்தாம்மா, வருகையை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தேன்.