இஞ்சினியரம்மா வைத்த பரீட்சை

“எல்லாம் ஏமாத்து வேலை. இந்த ஊர்லயும் ஒருத்திக்கும் ஒரு எழுத்து தெரிஞ்சிருக்காது பாரு” என்று ஜீப்பில் வரும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள் நவநீதம்.

“ஆமாங்கம்மா” என்றார் டிரைவர். இறங்கும் வரை ஆமாம் போடுவதும் அவருடைய வேலையில் சேர்த்திதான்.

நவநீதம் அரியலூர் மாதர் சங்கத் தலைவி. திருச்சி கான்வென்ட்டில் படித்தவள். வீட்டுக்காரர் அரசாங்க இஞ்சினியர். முதியோர் கல்வித் திட்டம் வந்த புதிதில், மையங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுத ஒரு கௌரவமான ஆளைத் தேடினார்கள். வாசலில் ஜீப் நிற்கிற வீட்டம்மாவைவிடக் கௌரவமான ஆள் வேறு யார்?

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பால்வாடிப் பிள்ளைகள் போன பிறகு அதே கட்டடத்தில் மத்தியானம் பெண்களுக்கு வகுப்பு. பத்தாவது முடித்த மலர்கொடிதான் டீச்சர். களை வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து, சிலேட்டும் கையுமாக இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மலர்கொடி பயந்துகொண்டேதான் வரவேற்றாள். போன மாதம் இரண்டு மையங்களை மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் அறிக்கை எழுதியது இந்த அம்மாதான்.

“சீக்கிரம் முடிக்கணும். நாலு மணிக்கு எங்க வீட்ல ஜீப் வேணும்னு சொல்லியிருக்காங்க” என்றாள் நவநீதம்.

மலர்கொடி நீட்டிய பாடப்புத்தகத்தை நவநீதம் தொடவில்லை. அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள், அவளுக்குத் தெரியாதா? சுற்றுப்புறத்திலிருந்து சொற்களை எடுக்க வேண்டும் என்று பயிற்சி முகாமில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஊர் எல்லையில் ஜீப்புக்கு வழிவிடாமல் போன மாட்டு வண்டியின் பின்பலகையில் ஒரு பெயரைப் பார்த்திருந்தாள். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள்.

‘முத்துசாமி மாடு ஓட்டினான்.’

“அம்மா, அது வந்து…” என்றாள் மலர்கொடி.

“நீ எடுத்துக் குடுக்காதே.”

முதல் வரிசையில் இருந்த குஞ்சம்மாளை எழுப்பினாள். நாற்பது வயதுக்காரி. அவள் பலகையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அவுங்க மாடு ஓட்டுனாங்க.”

“எவுங்க?”

“அவுங்கதாங்க.”

“பலகையில இருக்கறதைப் படி. குத்துமதிப்பாச் சொல்லாதே.”

குஞ்சம்மாள் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வீரம்மாள். முதல் சொல்லை அப்படியே தாண்டிப் போய், “மாடு ஓட்டுனாரு” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாவதாக எழுந்த இருசம்மாள் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

நவநீதத்துக்கு உள்ளூரத் திருப்திதான். நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. மையத்தை மூடிவிடலாம்.”

குஞ்சம்மாள் மறுபடி எழுந்தாள்.

“மூடிராதீங்கம்மா. எம் மவ கடுதாசிய இம்மாங் காலமும் தபால்காரரு வாசல்ல நின்னு படிப்பாரு. அவ மாமியா சண்டையெல்லாம் தெருவே கேக்கும். போன வாரந்தாங்க, உள்ள வச்சு நானே படிச்சேன்.”

“கடுதாசி படிக்கறவளுக்கு இந்த ஒரு வரி வராதா?”

“வராம என்னங்க. அது எங்க வூட்டுக்காரரு பேருங்க. வீரம்மாளுக்கு மாமனாரு பேரும் அதுதான். இருசம்மா வூட்டுக்காரரு பேரும் அதேதான். குலசாமி பேருங்கறதால தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. அத வாயால எப்படிங்க சொல்றது? போதாததுக்கு அவன் இவன்னு வேற எழுதிட்டீங்க.”

“படிக்கத் தெரிஞ்சதாலதாம்மா வாயை மூடிக்கிட்டாங்க” என்றாள் மலர்கொடி மெதுவாக.

நவநீதம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டாள். மனுஷன் சந்திரனில் இறங்கிப் பத்து வருஷம் ஆகிறது, நீங்கள் இன்னும் புருஷன் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு கிடக்கிறீர்கள் என்றாள். மாதர் சங்க ஆண்டு விழாவில் பேசியதில் முக்கால் பங்கு இங்கேயும் வந்தது.

“பேரு வைக்கிறதே சொல்றதுக்குத்தான். சொன்னா அவர் ஆயுசு குறைஞ்சுடுமா? படிச்சவளுக்கும் படிக்காதவளுக்கும் வித்தியாசமே இதுதான். இதையும் அறிக்கையில எழுதத்தான் போறேன்.”

பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். குஞ்சம்மாளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். கிண்டல் ஒரு துளி இல்லாமல் கேட்டாள்.

“உங்க வூட்டு ஐயா பேரு என்னங்கம்மா?”

“இஞ்சினியர்.”

“அது உத்தியோகங்க. பேரு?”

நவநீதம் வாயைத் திறந்தாள். மூடினாள். வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்தாள். அவர் ஜீப்பின் டயரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

“அவங்க பேரு அரியலூர்ல எல்லாருக்கும் தெரியும்.”

“எங்களுக்குத் தெரியாதுங்களே” என்றாள் வீரம்மாள்.

நவநீதத்தின் கை தன்னையறியாமல் தாலிச் செயினைப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தாள். பலகையில் இருந்த முத்துசாமியை அழித்தாள். சாக்பீஸை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அந்தப் பெயரில் அந்த ஊரில் யாரும் கிடையாது.

“திரு. இளையபெருமாள் அவர்கள்” என்று இருபத்திரண்டு பேரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள். ஒருத்தி கூடத் திக்கவில்லை.