புழுதி துடைக்க அனுமதி

செவ்வாய் கிரகத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஆறு சக்கர ஆய்வு வண்டியின் சோலார் தகட்டில் புழுதி அப்பிக் கிடந்தது. அந்தப் பக்கம் வந்த ஒரு சுழல்காற்று கேட்டது.

"என்னண்ணே, இப்படி மூடிக் கிடக்கு? ஒரு சுத்து சுத்தித் துடைச்சு விடட்டுமா?"

"பூமியில கேட்டுச் சொல்றேன். பதில் வர முக்கால் மணி நேரம் ஆகும், இரு," என்று வண்டி தகட்டை மடக்கிக்கொண்டது.

"என் ஆயுசே பத்து நிமிஷம்தாண்ணே."

"அதுக்காக முறையை மீற முடியுமா?"

சுழல்காற்று பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி, இளைத்து, அடங்கிப் போனது. அப்புறம்தான் அனுமதி வந்தது. வண்டி தகட்டை விரித்துக் காத்திருந்தது.

மறுநாள் இன்னொரு சுழல்காற்று ஓடி வந்தது. அதன் பின்னால் தெற்கு வானம் இருண்டிருந்தது.

"பெரும்புயல் வருதுண்ணே. இப்பவே துடைச்சாத்தான் கொஞ்சமாவது சார்ஜ் ஏறும்."

"நேத்து வந்த அனுமதி நேத்து வந்தவனுக்கு. உனக்குப் புதுசாத்தான் கேட்கணும்."

வண்டி மறுபடி தகட்டை மடக்கிக்கொண்டு, மிச்சமிருந்த சார்ஜில் கேள்வியை அனுப்பியது. இரண்டாவது காற்றும் காத்திருந்தே செத்தது. புயல் வந்து பகலை மூடியது.

பூமியிலிருந்து பதில் சரியான நேரத்துக்கு வந்தது. "இனி யார் வந்தாலும் துடைக்க விடு. எங்களைக் கேட்க வேண்டாம்."

அதைப் படிக்க வண்டியில் சார்ஜ் இல்லை.