ஒரே கையெழுத்து

"ஒம்போதும் ஒரே கை, சார்" என்றார் சமீருல்லா.

ஆம்பூர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். 'செவ்வாய்ச் சந்தை' இதழை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்பது பிரதி எடுத்து, பின் அடித்துக் கொடுப்பதும் அவர்தான்.

ஆசிரியர் பஞ்சாட்சரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடிதங்களைப் பார்த்தார். தோல் கம்பெனிகளின் கழிவுத் தண்ணீரைச் சோதிக்கிற லேபில் அவருக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் விண்வெளியில்தான் இருப்பார். இந்த அறிவியல் புனைகதைப் பத்திரிகையைக் கைக்காசு போட்டு ஐந்து வருஷமாக நடத்துகிறார். பெயரைப் பார்த்து மாட்டுச் சந்தை நிலவரம் என்று வாங்கிப் போய், மறுநாள் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

"எப்படிச் சொல்றீங்க, பாய்?"

"ஒவ்வொரு 'ழ'வுக்கும் வால் எவ்ளோ நீளம் பாருங்க. சஹர்னு போட்டதுலயும் அதே வால், புஷ்ரான்னு போட்டதுலயும் அதே வால். கடுதாசிப் பக்கத்துக்கு ஸ்கேன் பண்ணும்போதுதான் கவனிச்சேன்."

பஞ்சாட்சரம் ஒவ்வொரு கடிதத்திலும் 'ழ'வைத் தேடிப் பார்த்தார். தவறாமல் எழுதும் ஒன்பது வாசகிகள். அவர்களை நம்பித்தான் பத்திரிகையே ஓடியது. அவர்களில் ஜஹீருன்னிசாவின் கடிதத்துக்குப் போன இதழில் பரிசே கொடுத்திருந்தார். நிலாவில் நடக்கிறவன் பூட்ஸைச் சாதாரணமாகத் தைத்தால் ஊசி ஓட்டை வழியாகக் காற்றெல்லாம் போய்விடும், தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"அடுத்த இதழ்ல முதல் பக்கத்துலயே 'போலி வாசகர்'னு பேரைப் போட்டுக் கிழிக்கிறேன்."

"நம்மளப் படிக்கிறவங்களே கம்மி. அதுலயும் பேஜார் பண்ணாதீங்க, சார்."

"நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல, பாய்? ஒரு ஆளுக்கு ஒரு பேருதான் இருக்கணும்."

ஒன்பது உறைகளில் ஒன்றில் மட்டும் முழு விலாசம் இருந்தது. ஜாஸ்மின், தையல் பிரிவு, வாணியம்பாடி ரோட்டில் ஒரு ஷூ கம்பெனி.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகக் கம்பெனி வாசலில் மொபெட்டை நிறுத்தினார். வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி கையில் ஸ்பூனோடு வந்தாள்.

"செவ்வாய்ச் சந்தை சாரா? போட்டோல கொஞ்சம் குண்டா இருந்தீங்க."

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. ஒன்பது கடிதங்களையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார்.

"இதெல்லாம் யார் எழுதினதும்மா?"

"நான்தான், சார்."

இவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் மொபெட்டில் வரும்போது தயார் பண்ணிய பேச்சை வீணாக்க மனசு வரவில்லை.

"ஒருத்தரே ஒம்போது பேர்ல எழுதறது மோசடி. இல்லாத ஆளுங்கள இருக்கிற மாதிரி காட்டுறது எழுத்துக்கே துரோகம். ஆசிரியர்னா ஏமாந்தவன்னு நெனச்சியா?"

ஜாஸ்மின் உள்ளே திரும்பி, "எல்லாம் வாங்கடி, சார் வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தாள்.

டிபன் பாக்ஸும் கையுமாக எட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"இவங்கல்லாம் உருது மீடியம், சார். தமிழ் நல்லாப் பேசுவாங்க, படிக்க எழுத வராது. சாப்பிடும்போது நான் வாசிப்பேன். அவங்க சொல்லச் சொல்ல எழுதி அனுப்புவேன்."

"அப்ப மொத்தமா ஒரே லெட்டரா எழுதிப் போடலாம்ல?" பஞ்சாட்சரத்தின் குரல் இறங்கிவிட்டது.

"போட்டோம், சார். ஒருத்தி சொன்னத இன்னொருத்தி ஒத்துக்கல. அன்னிக்கு லைன்ல ஒரே சண்டை. சூப்பர்வைசர் வந்து பிரிச்சு விட்டாரு."

பின்னாலிருந்து ஒரு கனத்த அம்மாள் முன்னே வந்தாள். "நான் ஜஹீருன்னிசா. அந்த பூட்ஸ மாத்தித் தைக்கச் சொன்னீங்களா, இல்லியா?"

"அடுத்த கதையில மாத்திடறேம்மா."

"ரோபோ அழுவுது, அழுவுதுன்னு எழுதறாங்களே, அது ஜாஸ்தி" என்றாள் புஷ்ரா. "தண்ணி பட்டா மிஷின் ரிப்பேர் ஆவாதா?"

பஞ்சாட்சரம் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் தன் பத்திரிகையைப் பற்றி நேருக்கு நேர் ஒருவர் பேசி அவர் கேட்டதே இல்லை. கண் கலங்கியது. துண்டால் துடைத்துவிட்டு, வெயில் என்றார்.

எல்லோருக்கும் சின்னவளான சஹர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நிலாவேந்தி அக்காவக் கூட்டிட்டு வரலியா, சார்? அவங்க கதையக் கேட்டு நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. பொம்பள மனசு பொம்பளைக்குத்தான் தெரியும்."

"எனக்கு ககனனப் பாக்கணும்" என்றாள் புஷ்ரா. "டாக்டர் ராகுவக் கூட."

"மொத்தம் ஆறு பேர் கதை எழுதறாங்கல்ல?" என்றாள் ஜாஸ்மின். "சந்தேகப்பட்டு வந்தீங்க, நாங்க ஒம்போது பேரும் முன்னால வந்து நின்னுட்டோம். அவங்கள ஒரு நாள் எங்ககிட்ட காட்டுங்க, சார்."

பஞ்சாட்சரம் கையிலிருந்த கடிதங்களை ஒழுங்காக அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார்.

"அவங்களும் வந்திருக்காங்கம்மா" என்றார்.

ஒன்பது பேரும் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் அவருடைய பழைய மொபெட் மட்டும் நின்றது.

"ஆறு பேரும் அந்த ஒரே வண்டியிலதாம்மா வந்தோம்."