கறுப்பு பட்டன்

"இந்தப் பேச்சு இன்னியோட முடியணும். அந்தக் காலேஜ் வேண்டாம்னா வேண்டாம்" என்றார் அப்பா.

பஸ் ஓட்டுகிற மனிதர். ஹாரன் அடித்தே பழகியவர். வீட்டிலும் குரல் அதே உயரத்தில்தான் நிற்கும்.

மகள் காதில் அது விழவே இல்லை. அவள் அப்போது வீட்டிலேயே இல்லை. சட்டசபையின் நீண்ட தாழ்வாரத்தில், கை நிறையக் கோப்புகளோடு, யாரோ ஒரு உறுப்பினரின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல் ஜன்னலாக வெயில் விழுந்திருந்தது. உள்ளே யாரோ பேச, யாரோ மேசையைத் தட்ட, அவளுக்கு அத்தனையும் பாட்டாகக் கேட்டது.

"மந்திரி, கொஞ்சம் தரைக்கு இறங்கி வா. அப்பா உன்கிட்டதான் பேசறார்" என்று அண்ணன் தோளைத் தட்டினான். செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். அந்தப் பட்டப்பெயர் அவன் வைத்ததுதான்.

விஷயம் இவ்வளவுதான். தலைநகரத்துக் கல்லூரி ஒன்றில் அரசியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கடைசி வருடம் சட்டசபை அலுவலகத்திலேயே இன்டர்ன்ஷிப். ஆனால் ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகவேண்டிய தூரம். சைக்கிள் மிதிக்கிற தூரத்திலும் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே கணக்கு உண்டு, வணிகம் உண்டு. அரசியல் மட்டும் இல்லை.

அந்த ஊரில் அவளுக்கு யாரைத் தெரியும், காய்ச்சல் என்று படுத்தால் யார் பார்த்துக்கொள்வார்கள், பெரிய இடத்தில் நம் பிள்ளைக்கு என்ன வேலை என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனார். மகள் முன்னேறுவது பிடிக்காத ஆள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட முடிவு கட்டிவிட்டார்கள்.

கடைசியில், வழக்கம்போல, விஷயம் ஓட்டுக்குப் போனது.

அந்த வீட்டில் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுகூட ஓட்டெடுப்பில்தான். அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். அவள்தான் சபாநாயகர். ஆளுக்கு ஒரு வெள்ளை பட்டனும் ஒரு கறுப்பு பட்டனும் கொடுப்பாள். வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம். ஒன்றை டப்பாவில் போட்டுவிட்டு, மற்றதை யாருக்கும் காட்டாமல் அவளுடைய பட்டன் பெட்டியில் கலந்துவிட வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் தோல்வி. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அது அப்பா போட்ட சட்டம்.

மந்திரி ஓட்டு வேட்டைக்குக் கிளம்பினாள்.

அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே, "என் ஓட்டு உனக்குத்தான்டி. வெளிய சொல்லிடாதே" என்றாள். அண்ணனும் சத்தியம் செய்தான். பதவிக்கு வந்ததும் தன் கடையை அவள் கையால் திறந்து வைக்க வேண்டுமாம். அவளோடு மூன்று ஓட்டு. ஜெயித்தாயிற்று. அவள் மறுபடி தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். இந்த முறை கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்கியது.

அந்த மிதப்பிலேயே சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனபோதுதான் அப்பாவைப் பார்த்தாள்.

அவளுடைய பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சீட் புதிது, மணி புதிது. பக்கத்துக் கல்லூரிக்குப் போக. மகள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது ஓடி ஓடி நிற்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி சுழற்றினார்.

தாழ்வாரமும் வெயிலும் எங்கேயோ போய்விட்டன. தான் போய்விட்டால் இந்த மனிதர் யாரிடம் சத்தம் போடுவார் என்று தோன்றியது. சத்தம் போடாமல் வந்தவழியே திரும்பிவிட்டாள்.

ஓட்டெடுப்பு தொடங்கியது. அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முதலில் போனார். அப்புறம் அண்ணன், அப்புறம் அம்மா.

கடைசியாக அவள். அப்பாவுடையது ஒரு கறுப்பு. தன்னுடையதும் கறுப்பானால் இரண்டுக்கு இரண்டு. கனவு அதோடு சரி.

கறுப்பைப் போட்டாள். அழுகை வந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அம்மா டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள்.

"மூணு வெள்ளை, ஒரு கறுப்பு. தீர்மானம் நிறைவேறியது" என்றாள், சபாநாயகர் குரலிலேயே, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மந்திரி திடுக்கிட்டுத் திரும்பினாள். தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். இருக்கிற ஒரே கறுப்பு அவள் போட்டது. அப்படியானால் அப்பா?

அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு, கடைசில ஒத்தை ஓட்டு. டெபாசிட் போச்சுப்பா. ஆனாலும் பெத்த பொண்ணுக்கு எதிரா கறுப்பு போட உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ?"

அப்பா அந்த பட்டனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மகள்மேல் வந்து நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது வந்து... நான்..." என்று வாயெடுத்தாள்.

"ஆமாடா, நான்தான் போட்டேன்" என்றார் அப்பா, அவளை மேலே பேசவிடாமல்.