பிறைமேல் ஒடிந்த அம்பு

த்ருஸ்தி மறுபடியும் மேட்டில் ஏறி ஆற்றுத்துறைப் பாதையைப் பார்த்தாள். காலையிலிருந்தே அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"வந்துடுவாரும்மா. இன்னும் வெளிச்சம் இருக்குல்ல," என்றார் கல்தச்சர் வோரத்.

ஆங்கிலரை எதிர்த்துத் தெற்கே போன பிக்ட் குலத்துப் படையில் பாதிப் பேர்தான் திரும்பியிருந்தார்கள். அவள் கணவன் தலோர்க்கைப் பற்றித் தகவலே இல்லை. அவன் பெயருக்கு நட்ட கல்லில் பிறையும், அதன்மேல் பாதி அம்பும் செதுக்கியாயிற்று. மீதிப் பாதியை நேராக இழுத்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று பொருள். ஒடிந்தாற்போல் மடக்கி இழுத்தால் இறந்துவிட்டான் என்று பொருள். படை திரும்பிய பத்தாம் நாள் பொழுது சாயும்வரை பொறுப்பது ஊர் வழக்கம்; அந்த நாள் இன்றுதான்.

"மடக்கிட்டா அப்புறம் மாத்த முடியாதில்லண்ணே?"

"கல்லுல மடங்குனது மடங்குனதுதான். ஆளே வந்து நின்னாலும் ஊருக்கு அவன் செத்தவன். பொண்டாட்டி, மாடு, நிலம் எதையும் கேக்க முடியாது. எங்க மாமா ஒருத்தரு அப்படித்தான் வந்து நின்னாரு. நாய்கூட வாலாட்டல."

அவள் சிரிக்கவில்லை. தலோர்க் இருந்த நாளில் வாசலைப் பார்த்தபடியேதான் படுப்பாள். அவன் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்படியும் ஒரு பாசமா என்று பக்கத்துக் குடிசைப் பெண்கள் உருகுவார்கள்.

சூரியன் மலைக்குப் பின்னே இறங்கியது. வோரத் உளியை எடுத்தார், கீழே வைத்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்மா. எனக்கே கை வரல."

"வழக்கம்னா வழக்கம்தாண்ணே."

துறைப் பக்கம் குளம்படி கேட்டது. பாதைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த வோரத், "யாரும்மா வர்றது?" என்றார்.

த்ருஸ்தி வெகுநேரம் பார்த்தாள்.

"அவரில்லண்ணே." குரல் உடைந்தது. "மடக்கிடுங்க."

வோரத் பெருமூச்சோடு உளியை வைத்துத் தட்டினார். கோடு மடங்கிக் கல்லில் இறங்கியது.

குதிரை மேடேறி வந்து நின்றது. இறங்கியவனின் கன்னத்தில் புதுத் தழும்பு. "என்னடி, புருஷன் வந்திருக்கேன், மரம் மாதிரி நிக்கிற? யாருக்கு இந்தக் கல்லு?"

வோரத்தின் கையிலிருந்து உளி நழுவியது.

அவன் அதட்டியும் முதன்முறையாக அவள் உடம்பில் பதற்றம் இல்லை. வழிப்போக்கரிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள்:

"செத்துப்போன என் வீட்டுக்காரருக்குங்க."