ரதி வாசித்த பக்கம்

மூன்றாவது அடி புத்தகத்தால் விழுந்தது. கனத்த புத்தகம். அதன் முதுகு மோதியதில் உமாசுதனின் இடது காது இரைந்தது.

"வெள்ளவத்தையில கிளாஸ், சேர். பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடினனான்," என்றான் சிங்களத்தில். வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினான். தரையில் துப்பினால் அதற்கும் அடி விழும்.

முந்தின நாள் கொழும்பு ஜிந்துப்பிட்டித் தெருவில் யாரோ ஒரு கான்ஸ்டபிளைக் கத்தியால் குத்தியிருந்தார்கள். இன்று காலை அதே தெருவில், தோளில் பையோடு, இருபது வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் ஓடினான். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது.

பையில் இருந்தவை ஒரு சோற்றுப் பார்சலும், பிரவுன் பேப்பர் உறை போட்ட இந்தப் புத்தகமும்தான். விரித்தால், ஒரு பக்கத்தில் மட்டும் வரிக்கு வரி சிவப்புக் கோடு.

"என்ன எழுதியிருக்கு இதில?"

"நாவல், சேர். வெளிநாட்டு நாவல். தமிழில மொழிபெயர்த்தது."

"அப்ப இந்தச் சிவப்பு?"

எட்டு வயதில் முதல் கதைப்புத்தகம் கையில் கிடைத்த நாளிலிருந்து, பிடித்த வரிகளுக்குக் கோடு போடுவது உமாசுதனின் பழக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு கைதி, தன்னை விசாரிக்கும் பொலிஸ்காரனின் கழுத்தைச் சவர அலகால் அறுக்கிறான். அவ்வளவு அழகாக எழுதப்பட்ட ஒரு கொலையை அவன் வேறெங்கும் வாசித்ததில்லை.

பொல்லுத்தடி முழங்காலில் இறங்கியது. அவன் கதிரையோடு சரிந்தான்.

"ரதியைக் கூப்பிடு," என்று இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

ரதி தெமட்டகொடைக்காரி. அந்த நிலையத்தில் இருந்த ஒரே தமிழ்க் கான்ஸ்டபிள். கீழே கிடந்தவனைப் பார்க்காமல் புத்தகத்தை வாங்கி, அதில் பட்டிருந்த இரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"மேசையில வைங்க சேர். நாளைக்குச் சிங்களத்துல எழுதித் தாறேன்."

"எப்பவும் உனக்கு நாளைக்குத்தான். இப்ப வாசி, எனக்கு முன்னால. தமிழ் வாசிக்கத்தானே உன்னை இங்க எடுத்தது?"

அவள் சிவப்புக் கோட்டுப் பக்கத்தை விரித்தாள். உமாசுதன் கண்களை மூடிக்கொண்டான். இனி ஒரு வரி போதும், அவன் வீட்டுக்குப் போகமாட்டான்.

"வெளிச்சவீட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருக்கா," என்று ரதி சிங்களத்தில் தொடங்கினாள்.

உமாசுதன் கண்களைத் திறந்தான்.

"வேட்டைக்காரங்க வாறாங்க. கையில பொல்லு. கடல்நாய்க் குட்டி எங்கனு கேட்டு அவ அப்பாவை அடிக்கிறாங்க. பல்லு கொட்டுது. குட்டிய அவ எண்ணெய்ப் பீப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. வாய் தொறக்கல."

அவள் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். இன்ஸ்பெக்டரின் கையில் பொல்லு மெல்லத் தாழ்ந்தது.

"பொறு," என்றார். "அந்தப் பீப்பா உருண்டு கடலுக்குள்ள விழும். இல்லையா?"

"ஆமா சேர்."

"இது எங்கட ஸ்கூல் லைப்ரரியில இருந்தது, சிங்களத்தில. அஞ்சாம் வகுப்பில நாலு தரம் எடுத்தனான்." அவர் குனிந்து அந்தத் தெரியாத எழுத்துகளைப் பார்த்தார். "குட்டியின்ட தாயைப் பொல்லால அடிச்சுக் கொல்லுவாங்கள். நான் நுளம்பு வலைக்குள்ள இருந்து விடிய விடிய அழுதனான். அம்மா காய்ச்சல் எண்டு நினைச்சு மருந்து தந்தா."

பக்கத்து அறையில் யாரோ அலறினார்கள். இன்ஸ்பெக்டர் காலால் கதவைச் சாத்தினார்.

"அந்த இடத்துக்கோ நீ கோடு போட்டிருக்கிறாய்?"

உமாசுதன் தலையசைத்தான். அசைத்தபோது மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் சொட்டியது.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி." எழுப்பிவிட்டு, பிடரியில் கடைசியாக ஒன்று வைத்தார். "ரதி, இவன்ட முகத்தைக் கழுவிவிட்டு அனுப்பு. தாய் பார்த்தால் பயந்துபோவா."

பின்பக்கக் குழாயடியில் உமாசுதன் வாய் கொப்பளித்தான். தண்ணீரோடு பாதிப் பல் ஒன்றும் விழுந்தது. ரதி புத்தகத்தை அவன் பைக்குள் வைத்துத் தந்தாள்.

"அக்கா," என்றான் தமிழில், மிக மெல்ல. "சேருக்குப் பிடிச்ச கதை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கெப்படித் தெரியும்? அது எனக்குப் பிடிச்ச புத்தகம். சின்னப் புள்ளையில எங்க வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான். மனப்பாடம்."

"எண்டாலும் உங்கட துணிவு பெரிசு. பொலிஸ்காரன்ட கழுத்தை அறுக்கிற பக்கத்தைக் கையில வச்சுக்கொண்டு, அவருக்கு முன்னாலயே வேற கதை சொன்னனீங்கள். என்னைக் காப்பாத்த வேற ஆரும் அப்படிச் செய்யமாட்டினம்."

ரதி குழாயை நிறுத்தினாள்.

"என்ன பக்கம்?"

அவன் புத்தகத்தை வெளியே எடுத்து, விரித்து, விரலால் காட்டினான். சிவப்புக் கோடுகளையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்ஸ்பெக்டரின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் படிச்சது சிங்கள மீடியம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தம்பி."