உச்சிக்கு அனுமதி இல்லை

"பெரியவங்களுக்கு அருவிப் பாதைதாம்மா. ஏத்தமே கிடையாது, நல்ல காட்சி, வழி முழுக்க பெஞ்சு" என்றார் மலைப் பூங்காவின் வாசல் காவலர்.

"பெஞ்சுல உட்கார நான் எதுக்கு மலைக்கு வரணும்? வீட்டுல சோபாவே இருக்கு. உச்சிப் பாதையைத் திற" என்றார் வாசலில் நின்ற வயதான அம்மா.

உடன் வந்த மகன் கையைப் பிசைந்தான். "அம்மா, சொன்னாக் கேளுங்க..."

"நீ சும்மா இரு. தம்பி, முதல்ல சட்டையோட மேல் பட்டனைப் போடு. யூனிஃபார்ம் போடுற லட்சணமா இது?"

காவலரின் கை தானாகப் பட்டனுக்குப் போனது. வாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "அறுபது தாண்டினவங்களை உச்சிக்கு விடக் கூடாது. உத்தரவும்மா."

"எந்தப் புத்திசாலி போட்டது?"

"ரொம்ப வருஷம் முன்னாடி இங்க இருந்த ரேஞ்சர். பயங்கரக் கறாராம். அதுல கை வைக்க இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தைரியம் வரல."

மகன் குபீரென்று சிரித்தான். அம்மா முறைத்த முறைப்பில் மீதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

அதற்குள் அந்த அம்மா குனிந்து தடுப்புக் கம்பிக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் நிமிர்ந்துவிட்டார்.

"ஐயோ, ரேஞ்சர் உத்தரவும்மா!" என்று பதறினார் காவலர்.

"அந்த ரேஞ்சரே இவங்கதாங்க" என்றான் மகன். "ஏம்மா, நீங்க போட்ட உத்தரவை நீங்களே மீறலாமா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறத் தொடங்கினார்.

"அதுல கையெழுத்துப் போட்டப்ப எனக்கு முப்பது வயசுடா. அறுபதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"